தாவல் குறைந்த பிறகு

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் வின்ஸ் கார்ட்டர் 2000-01 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 27.6 புள்ளி எடுத்தார். 2019-20 சீசனில் அவருடைய சராசரி 5. இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், வயதாகித் தேய்ந்துபோன ஒருவரின் கதை என்றுதான் தோன்றும். ஆனால் கூடைப்பந்தில் நீண்ட காலம் ஆடுவது எப்படி, ஆடிக்கொண்டே கற்பது எப்படி என்று பேச்சு வந்தால் அமெரிக்காவில் அடிக்கடி அடிபடும் பெயர் அவருடையது. 22 சீசன், 1,541 ஆட்டம். முதல் ஆட்டம் 1999-இல், கடைசி ஆட்டம் 2020-இல். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் நான்கு பத்தாண்டுகளில் ஆடிய முதல் ஆள் இவர்தான். புள்ளிகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய ஒருவரை எந்தக் கணக்கில் முன்னேறியவர் என்கிறார்கள்? முதலில் அவர் எதை இழந்தார் என்று பார்ப்போம்.

இழந்தது தாவலை. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. எகிறிப் போய்ப் பந்தை மேலிருந்து அதற்குள் குத்தி இறக்குவதுதான் டங்க். 2000 பிப்ரவரியில் ஓக்லண்டில் நடந்த டங்க் போட்டியில் கார்ட்டர் காற்றிலேயே முழுச் சுற்று சுற்றினார், கால்களுக்கு நடுவே பந்தைக் கைமாற்றினார், ஒருமுறை முழங்கை வரை கையை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில், பிரான்ஸ் அணியின் ஃபிரெடெரிக் வைஸ் எதிரே நிற்க, அவர் தலைக்கு மேலாகவே தாண்டிப் பந்தை இறக்கினார். வைஸின் உயரம் 2.18 மீட்டர். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதற்குச் சாவு டங்க் என்று பெயர் வைத்தன. பார்க்காதவர்கள் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம். பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும்.

இப்படித் தாவ, நொடிப்பொழுதில் சுருங்கி வெடிக்கும் வகைத் தசைநார்கள் வேண்டும். வயது கூடும்போது முதலில் சுணங்குபவை அவைதான். நிதானமாக நீண்ட நேரம் உழைக்கும் நார்கள் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. முப்பத்தைந்து வயதுக்காரர் நாள் முழுக்க நடப்பார், ஆனால் இருபதில் தாண்டிய சுவரைத் தாண்டமாட்டார். இன்னொரு சிக்கல் இறங்குவதில் இருக்கிறது. எகிறியவர் தரையைத் தொடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை முழங்கால் தாங்குகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் திரும்பத் திரும்ப இழுபட்டு நோகும். தாவி ஆடும் விளையாட்டுக்காரர்களுக்கு இது தொழில்நோய். கார்ட்டருக்கு இருபத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. 2002-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

அந்த வயதில் அவர் உழைப்புக்குப் பேர்போனவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பரில் டொராண்டோ ராப்டர்ஸ் அணியிலிருந்து நியூஜெர்சிக்குப் போனார். அடுத்த மாதமே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், டொராண்டோவில் எப்போதும் முழுமூச்சாக ஆடினீர்களா என்று கேட்டதற்கு, முந்தைய ஆண்டுகளில் இல்லை, திறமை இருந்ததால் சமாளித்துவிட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். டொராண்டோ ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவர் எதிரணியில் ஆட வந்தபோதெல்லாம் பல ஆண்டுகள் கூச்சலிட்டு விரட்டினார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்தப் பதிலில் வேறொன்று தெரிகிறது. திறமை மிகுந்தவருக்குக் கற்றுக்கொள்ள அவசரமில்லை. தடுப்பவர் தலைக்கு மேல் போக முடிந்தால், தடுப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று எதற்காகக் கவனிக்க வேண்டும்? கார்ட்டரின் பாடம் தாவல் குறையத் தொடங்கியபோதுதான் ஆரம்பித்தது.

முதல் பாடம் தூரத்திலிருந்து எறிவது. அவருக்கு அது புதிதல்ல. 2001 பிளே-ஆஃபில் ஃபிலடெல்பியாவுக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் ஒன்பது மூன்று புள்ளி ஷாட் போட்டு 50 புள்ளி எடுத்தவர். ஆனால் அந்த சீசனில் அவர் எறிந்த ஷாட்களில் சுமார் கால்பங்குதான் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. கடைசி ஆண்டுகளில் பாதிக்கும் வெகு அதிகம். நாற்பத்திரண்டு வயதை எட்டிய 2018-19 சீசனில் 76 ஆட்டம் ஆடி, அப்படி எறிந்தவற்றில் ஏறத்தாழ 39 விழுக்காட்டை உள்ளே போட்டார். இளைஞர்களுக்கே அது நல்ல கணக்கு.

இதற்குள் ஒரு சின்ன வடிவக் கணக்கு இருக்கிறது. என்.பி.ஏ. மைதானத்தில் மூன்று புள்ளிக் கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இல்லை. நேர் எதிரே வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலம். பக்கவாட்டில், இரு மூலைகளிலும் 22 அடிதான். கிட்டத்தட்ட இரண்டடி மிச்சம், புள்ளியோ அதே மூன்று. வயதான ஆட்டக்காரர்கள் பலர் மூலையில் போய் நிற்பதைப் பார்த்து, ஓட முடியாமல் ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே நிற்பவரைத் தடுப்பவர் விட்டு நகர முடியாது. நகர்ந்தால் பந்து அவருக்கு வரும். தடுப்பவர் நகராவிட்டால் நடுவில் இளைஞர்களுக்கு வழி கிடைக்கும். பந்தையே தொடாமல் ஆட்டத்தை ஆடும் இடம் அது. எப்போது அரை அடி நகர வேண்டும், எந்தக் கணத்தில் கையை நீட்டித் தயாராக வேண்டும் என்பதெல்லாம் ஆயிரம் ஆட்டம் பார்த்த கண்ணுக்குத்தான் பிடிபடும். புள்ளிப் பட்டியலில் இதற்குப் பத்தி கிடையாது.

இரண்டாவது பாடம் கடினமானது: பெஞ்சில் உட்காருவது. எட்டு முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர் அவர். 2011 டிசம்பரில் டல்லாஸ் அணியில் சேர்ந்த பிறகு மாற்று ஆட்டக்காரர் ஆனார். பத்தாண்டு தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய பேட்ஸ்மேனை இனி ஏழாவது ஆளாக இறங்கு என்று சொல்வது போன்ற விஷயம். மானப் பிரச்சினையை விட்டுவிடுவோம். வேலையே வேறு. தொடக்கத்திலிருந்து ஆடுபவர் ஓடி ஓடியே உடம்பைச் சூடாக்கிக்கொள்வார். முதல் இரண்டு ஷாட் தவறினாலும் நேரம் இருக்கிறது. பெஞ்சிலிருந்து வருபவருக்கு முழங்கால் இறுகிப்போயிருக்கும், சில நிமிடங்களே கிடைக்கும், கைக்கு வரும் முதல் பந்தையே உள்ளே போட வேண்டும். அதனால் வயதான மாற்று ஆட்டக்காரருக்கு ஆடும் நேரம் குறையக் குறைய, ஆட்டத்துக்கு முந்தைய தயாரிப்பு நேரம் கூடுகிறது. முன்பு சராசரியாக 40 நிமிடம் ஆடிய கார்ட்டர் கடைசி சீசனில் ஆடியது 15 நிமிடத்துக்கும் குறைவு. ரசிகர் பார்ப்பது அந்தப் பதினைந்தைத்தான்.

2014 ஏப்ரல் 26, சான் அன்டோனியோவுக்கு எதிரான பிளே-ஆஃபின் மூன்றாவது ஆட்டம். 1.7 நொடி மீதம், டல்லாஸ் இரண்டு புள்ளி பின்னால். பந்து மூலையில் நின்ற கார்ட்டருக்குப் போனது. எதிரணியின் மனு ஜினோபிலி தடுக்கப் பாய்ந்து வந்தார். கார்ட்டர் எறிவதுபோல் பாவனை காட்டி, அவரைக் காற்றில் தூக்கிவிட்டு, சற்றே நகர்ந்து எறிந்தார். 109-108. பதின்மூன்று ஆண்டுக்கு முன், அதே ஃபிலடெல்பியா தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இதேபோன்ற கடைசி ஷாட்டை அவர் தவறவிட்டிருந்தார். அணி ஒரு புள்ளியில் தோற்றது. அன்று காலை அவர் வடகரோலினாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்ததை வைத்து ஊரே திட்டியது. பட்டம் வாங்கப் போனதற்காக ஒருவரைத் திட்டுவது அபத்தம் என்பது என் கட்சி.

டல்லாஸுக்குப் பிறகு மெம்ஃபிஸ், சாக்ரமெண்டோ, அட்லாண்டா. கடைசி இரண்டும் அப்போது தேறாத அணிகள். கோப்பை வெல்லாத மூத்த ஆட்டக்காரர்கள் பொதுவாக வலுவான அணியில் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சாம்பியன் மோதிரம் வாங்கப் பார்ப்பார்கள். கார்ட்டர் அதை மறுத்தார். உட்கார்ந்து கோப்பை வாங்குவதைவிட ஆடத்தான் விருப்பம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசிவரை கோப்பை கிடைக்கவும் இல்லை. அட்லாண்டாவில் அவரோடு ஆடிய டிரே யங் பிறந்தது 1998 செப்டம்பரில்; கார்ட்டர் என்.பி.ஏ.வுக்குத் தேர்வானது அதே ஆண்டு ஜூனில். தன் தொழில் வாழ்க்கையைவிட வயதில் சின்னவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலையானது. 2015-16-இல் சிறந்த சக ஆட்டக்காரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

இதில் மனப்பக்குவத்தோடு காசுக் கணக்கும் உண்டு. என்.பி.ஏ.வில் அனுபவம் கூடக்கூடக் குறைந்தபட்ச ஊதியமும் கூடும். அப்படியே விட்டால் மூத்தவரைவிட மலிவான புதியவரை எடுப்பதே அணிகளுக்கு லாபம். அதனால் ஓராண்டு குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் மூத்தவரைச் சேர்த்தால், கூடுதல் தொகையை லீக்கே அணிக்குத் திருப்பித் தருகிறது. அட்லாண்டாவில் கார்ட்டர் ஆடியது அந்தக் குறைந்தபட்ச ஊதியத்துக்குத்தான். நீண்ட காலம் ஆடுவதற்கு முழங்காலோடு விதிப்புத்தகமும் ஒத்துழைக்க வேண்டும்.

எல்லோரும் இதே வழியில் போனவர்கள் அல்ல. கரீம் அப்துல் ஜப்பார் 20 சீசன் ஆடினார். அவருடைய ஸ்கைஹூக் ஷாட்டுக்கு உயரமும் கைநீளமும்தான் மூலதனம், அதிகத் தாவல் வேண்டாம். அதனால் அவர் ஆட்டத்தை மாற்றவில்லை, யோகா செய்து உடலைக் காத்துக்கொண்டார். 38 வயதில் 1985 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். லெப்ரான் ஜேம்ஸ் 2011 இறுதித் தொடரில் தோற்ற கோடையிலேயே முன்னாள் ஆட்டக்காரர் ஹகீம் ஒலாஜுவானிடம் போய், வளையத்துக்கு முதுகு காட்டி ஆடும் வித்தையைக் கற்றார். உச்சத்தில் இருக்கும்போதே பள்ளிக்குப் போன ரகம் அவர்.

கார்ட்டரோடு ஒப்பிடப் பொருத்தமானவர், 2001-இல் ஃபிலடெல்பியாவுக்கு ஆடிய ஆலன் ஐவர்சன். அந்த 2001 தொடரில் இருவரும் மாறி மாறி ஐம்பதைத் தொட்டார்கள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஐவர்சனுக்கு. 2009-இல் மெம்ஃபிஸ் அணி அவரைப் பெஞ்சிலிருந்து இறக்கியது. மூன்றே ஆட்டத்தில் அந்த அணியை விட்டு விலகினார். சில மாதங்களில், 34 வயதில், அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. கார்ட்டர் அதற்குப் பிறகு பத்தாண்டு ஆடினார். ஆனால் கூடைப்பந்துப் புகழ்மன்றத்துக்குள் ஐவர்சன் 2016-இலேயே நுழைந்துவிட்டார். கார்ட்டர் 2024 வரை காத்திருந்தார். நீண்ட காலம் ஆடுவது ஒரு தனித் திறமை. பெருமையை அளக்க அது ஒன்றே போதாது. இரண்டாம் ஆளாக இறங்க மறுத்த ஐவர்சனை அதற்காகக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை.