தோல் சாட்டை: புதிதாகத் தொடங்குவோர் எதை வாங்கலாம்?

ஒரு கைப்பிடி, அதன் முனையில் கொத்தாகத் தொங்கும் தட்டையான தோல் வார்கள். பல வார்ச் சாட்டையின் அமைப்பு இவ்வளவுதான். விற்பவர்கள் இதை ஃபிளாகர் என்பார்கள். வயது வந்த இருவர் மனமொப்பி, படுக்கையறை விளையாட்டின் பகுதியாகப் பயன்படுத்தும் பொருள் இது. தண்டனைக்கான சவுக்கு உடலைக் கிழிப்பதற்கென்றே முறுக்கப்படுகிறது. விளையாட்டுச் சாட்டையோ அடி பரவலாக விழவும், தோல் சிவந்து சூடேறிச் சற்று நேரத்தில் தணியவும் வேண்டிச் செய்யப்படுகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம்; வேறுபாடு தோலின் மென்மையிலும் வாரின் அகலத்திலும் எடையிலும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் தவறுவதும் அங்கேதான்.

இத்தகைய விருப்பம் நோயா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராவது நோய்ப் பட்டியல் இதற்கு விடை தருகிறது. முந்தைய பட்டியலில் இடம்பெற்றிருந்த, இருவர் சம்மதத்துடன் நடக்கும் இவ்வகைப் பழக்கம் புதிய பட்டியலில் நோயாகக் குறிக்கப்படவில்லை. சம்மதமில்லாதவர் மீது வலியைத் திணிப்பதே அதில் கோளாறு. கோடு அங்கேதான் விழுகிறது.

இந்தப் பழக்கம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானது என்று நினைப்பதற்கும் இடமில்லை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் இரண்டாம் பகுதியின் ஏழாம் இயலை அடித்தலுக்கே ஒதுக்குகிறது. புறங்கை, குவித்த கை, முட்டி, உள்ளங்கை என நால்வகை அடிகளையும், அவை விழ வேண்டிய இடங்களையும் அது சொல்கிறது. அதன் பிறகு தென்னாட்டார் வழக்கம் என்று ஆப்பு, கத்தரி, ஊசி, இடுக்கி என்னும் பெயர்களில் வேறு நான்கைச் சேர்க்கிறது. இவற்றைக் கருவிகள் என்று கொள்வாரும் உண்டு, கையை அமைக்கும் விதங்கள் என்று கொள்வாரும் உண்டு. நூலாசிரியர் இவற்றை ஏற்கவில்லை. காரணமாக அவர் காட்டும் மூன்று நிகழ்வுகளில் இரண்டு தமிழ் மண்ணைச் சேர்ந்தவை. சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை ஆப்பு அடியால் கொன்றுவிட்டான். பாண்டியனின் படைத்தலைவன் நரதேவன், ஊனமுற்ற கையால் ஊசி அடியைத் தவறாகச் செலுத்தி ஒரு நடனப் பெண்ணின் கண்ணைப் போக்கினான். மூன்றாவது, குந்தள நாட்டு மன்னன் சாதகர்ணி கத்தரி அடியால் அரசி மலையவதியைக் கொன்றது. வரலாறு என்று இவற்றை உறுதிப்படுத்த முடியாவிட்டாலும் எச்சரிக்கையாக இவை இன்றும் பொருந்துகின்றன. கடினமான முறை, தவறான இடம், கட்டுக்குள் இல்லாத கை ஆகிய மூன்றும்தான் அங்கே கெடுதல் செய்தவை. சாட்டை தேர்வதும் இந்த மூன்றையும் விலக்குவதற்காகவே.

அடி இரண்டு விதமாக உணரப்படுகிறது. ஒன்று சுரீர் என்று மேல்தோலில் எரிவது. மற்றது மொத்தென்று தசைக்குள் இறங்குவது. மெல்லிய, குறுகலான, விறைப்பான வார் சுரீர் என்று எரியும். அகலமான, மெத்தென்ற, எண்ணிக்கையில் அதிகமான வார்கள் மொத்தென்று விழும். வார் அதிகமானால் ஒரே வீச்சின் விசை பல இடங்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒற்றை வாரில் முழு விசையும் நுனியில் குவிகிறது. மாட்டுவண்டிச் சாட்டை படீரென்று சொடுக்குவதற்குக் காரணம் அதன் நுனி ஒலியை விட வேகமாகப் பாய்வதுதான். அந்த வேகத்தில் தோல் பிளக்கும். அதனால் வீட்டுத் தொழுவத்தில் தொங்கும் சாட்டையையோ, இடுப்பு பெல்ட்டையோ, கயிற்றையோ எடுத்துப் பழகிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். முடிச்சுப் போட்ட வார், பின்னல் வார், உலோகக் குமிழ் பதித்த வார், ரப்பர் வார் ஆகியவையும் அனுபவம் உள்ளவர்களுக்கே. விலை குறைவு என்பதற்காக வாங்கப்படும் ரெக்சின் சாட்டைகள் தொடக்கத்துக்கு மிக மோசமான தேர்வு. அவற்றின் வெட்டு விளிம்பு கூராக இருக்கும், பொருளோ வளையாது. பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் கீறிவிடும்.

தோலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருச்சி விமான நிலையத்தை அடுத்த செம்பட்டில் தோல் பதனிடும் ஆலைகள் நெடுங்காலமாக இயங்கியவை. திண்டுக்கல்லும், வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர்போனவை. புதுக்கோட்டைச் சீமையின் வறண்ட காடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டைதான் ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோலைப் பதப்படுத்தியது. பட்டைச் சாற்றில் ஊறி, புங்க எண்ணெய் ஏற்றி, கடுக்காயில் முடிக்கப்பட்ட அந்தத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் தோலைப் பதனிடும் குரோம் முறையை முன்னெடுத்தார். 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. இவ்வளவு தோல் அறிவு பக்கத்திலேயே இருக்கும்போது, படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை.

சாட்டைக்கு எது ஏற்றது? பட்டை பதம் செய்த கனத்த தோல் பெல்ட்டுக்கும் செருப்பின் அடிக்கும் நல்லது. வாராக வெட்டினால் விறைத்து எரியும். குரோம் பதம் செய்த மெல்லிய தோலே தொடக்கத்துக்குப் பொருத்தம். அதிலும் செம்மறித் தோல் எடை குறைந்தது, துணி போலத் துவளும். வெள்ளாட்டுத் தோல் சற்று உறுதியானது, நெடுநாள் உழைக்கும். மாட்டுத் தோலைப் பிளந்து, சதைப்பக்கத்தை உரசிப் பஞ்சு போலாக்கிய ஸ்வேட் எளிதாகக் கிடைக்கும். மொத்தென்ற அடிக்கு அது ஏற்றது. எருமைத் தோல் கனமானது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேல்நாட்டில் தொடக்கக்காரர்களுக்கு மான் தோலைச் சொல்வார்கள். இந்தியாவில் அது சட்டச் சிக்கல்: நம் காட்டு மான்களின் தோலை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மான் தோல் என்று சொல்லி உள்ளூரில் எவரேனும் நீட்டினால் வாங்கவே கூடாது.

கடையில் கையில் எடுத்ததும் முதலில் ஒரு வாரை இரண்டாக மடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு எதிர்ப்பில்லாமல் விழுந்து, விட்டதும் கோடு இல்லாமல் விரிந்தால் நல்ல தோல். மடித்த இடத்தில் வெளுத்த வெடிப்பு தெரிந்தால் அது மேலே பூச்சு பூசிய மட்டத் தோல், அல்லது தோலே அல்ல. அடுத்து வாரின் விளிம்பை உள் மணிக்கட்டில் அழுத்தி மெல்ல இழுக்க வேண்டும். கீறுவது போலத் தெரிந்தால் உடம்பிலும் கீறும். நுனியையும் தடவிப் பார்ப்பது நல்லது. ஊசிபோல் கூராக வெட்டிய நுனி எரியும், வட்டமாக வெட்டியது பரவாயில்லை. பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து வாரில் நன்றாகத் தேய்க்க வேண்டும். துணியில் சாயம் இறங்கினால் வியர்த்த முதுகிலும் இறங்கும். மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடையும் நல்ல அறிகுறியல்ல. குரோம் பதனீடு சரியாகச் செய்யப்படாத தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். அது தோல் ஒவ்வாமை தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை அது எட்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தச் சந்தைக்கு ஏற்றுமதி செய்யும் ஆலைகளின் தோல் இந்தச் சோதனையைத் தாண்ட வேண்டியிருக்கும். அந்த ஆலைகளின் மீதத் தோல் கிடைத்தால் அதையே கேட்டு வாங்கலாம்.

வாரின் நீளம் தேர்வில் மிக முக்கியம். நீண்ட வார் அழகாகச் சுழலும், ஆனால் இலக்கைத் தாண்டி உடலைச் சுற்றி விலாவில் போய் விழும். அப்படிச் சுற்றி விழும் நுனி மற்ற இடத்தை விடக் கடுமையாக அடிக்கும். தொடக்கத்தில் இந்த வகையில் காயங்கள் எளிதில் வரும். 35 முதல் 45 சென்டிமீட்டர் வார் போதும். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அகலமும், இருபதை ஒட்டிய எண்ணிக்கையும், மொத்தம் 200 முதல் 300 கிராம் எடையும் கைக்கு அடங்கும். பிடி நான்கு விரலும் தாராளமாகப் பிடிக்கும்படி 15 முதல் 20 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. பிடியும் வாரும் சேரும் இடத்துக்கு அருகே ஒரு விரலை வைத்துத் தூக்கினால் சாட்டை ஏறத்தாழ நிலையாக நிற்க வேண்டும். வார் பக்கம் முழுவதும் சாய்ந்தால் சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு சோர்ந்து குறி தவறும். வார்களைப் பிடியோடு ஆணியடித்திருந்தால் தவிர்க்க வேண்டும். சுற்றிக் கட்டித் தைத்திருப்பதே உறுதி.

ஊர்ப்புறத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுவர் ஒட்டிய வீடு, பக்கத்து அறையில் பெரியவர்கள், ஓடித் திரியும் பிள்ளைகள். விறைத்த வார் எழுப்பும் ஓசை அடுத்த அறைக்குக் கேட்கும். ஸ்வேட் வார் தலையணையைத் தட்டுவது போலத்தான் ஒலிக்கும். பூட்டு உள்ள பெட்டியில் வைப்பதும் அவசியம். பை, பெல்ட் தைக்கும் தோல் கைவினைஞரிடம் அளவு சொல்லிச் செய்துகொள்வது பல நேரம் இணையத்தில் வாங்குவதை விட மேல். இருபது வார் வெட்டி, ஒரு பிடியில் கட்டித் தைப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை.

வாங்கியதும் முதலில் தலையணையில் பழக வேண்டும். துண்டை மடித்து ஒரு கட்டம் அமைத்து, வார் நுனிகள் அந்தக் கட்டத்துக்குள்ளேயே விழும்வரை வீசிப் பார்க்க வேண்டும். அடுத்து வீசப்போகிறவர் தன் தொடையில் தட்டிப் பார்ப்பது முறை. தனக்குப் பொறுக்காததை இன்னொருவர் மேல் போடக் கூடாது. உடலில் தசை கனத்த இடங்களே ஏற்றவை: பிட்டம், தொடையின் பின்புறம், மேல்முதுகில் தண்டுவடத்தின் இரு பக்கமும் உள்ள சதை. தலை, முகம், கழுத்து, தண்டுவடம், வால் எலும்பு, மூட்டுகள், வயிறு, சிறுநீரகம் இருக்கும் இடுப்புக்கு மேற்பகுதி ஆகியவற்றை ஒருபோதும் தொடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், எளிதில் இரத்தம் கசியும் குறைபாடு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

சாட்டையை எடுப்பதற்கு முன்பே இருவரும் ஆடை உடுத்தி உட்கார்ந்து, எது சரி, எது கூடாது என்று பேசி முடித்திருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் சொல்லையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். 'வேண்டாம்', 'போதும்' என்பவை விளையாட்டிலேயே வந்துவிடும் என்பதால் போக்குவரத்து விளக்கின் நிறங்களைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள்: பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் குறைக்க வேண்டும், சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பேச முடியாத நிலையில் ஒரு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டால், அது கீழே விழுவதே சிவப்பு. மது அருந்திய இரவில் சாட்டையைத் தொடவே கூடாது. முடிந்த பின் தண்ணீர், போர்வை, அருகில் சிறிது நேரம் ஆகியவையும் விளையாட்டின் பகுதிகளே.

தோல் நீரை உறிஞ்சும் பொருள். அதைக் கொதிக்க வைத்தோ மருந்தில் ஊற வைத்தோ கிருமி நீக்க முடியாது. அதனால் ஒரு சாட்டை ஒரே இணைக்கு. இரத்தம் பட்டுவிட்டால் தூக்கிப் போடுவதே நல்லது. கல்லீரல் அழற்சி பி கிருமி உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். சாதாரண நாள்களில் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றித் தொங்கவிட வேண்டும்.

சட்டத்தின் பார்வையும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்த, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமின்றியும், அவை நேரக்கூடும் என்று அறியாமலும் செய்யப்படும் செயலால் விளையும் தீங்கைக் குற்றமாகக் கொள்வதில்லை. அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ தந்த சம்மதம், விளைவு புரியாத போதையில் தந்த சம்மதம் ஆகியவை சம்மதமே அல்ல என்கிறது 28ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1993இல் பிரபுக்கள் சபை, காயம் ஏற்பட்டால் சம்மதம் காப்பாற்றாது என்றே தீர்ப்பளித்தது. எந்த நாட்டிலும் வடு விழும் அளவுக்குப் போவது ஆபத்தே. திருமணம் ஆகிவிட்டது என்பது சம்மதம் ஆகாது. விருப்பமில்லாமல் மனைவியை அடிப்பதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தாலும் அது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வன்முறையே. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.