கோல்கொண்டாவில் வைரமே கிடைக்கவில்லை, தெரியுமா?

துருக்கியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போய் அடர்சிவப்புத் துணி கேளுங்கள். ‘போர்டோ’ என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள். போர்டோ என்பது பிரான்ஸில் உள்ள ஒரு துறைமுக நகரம்! அங்கிருந்து கப்பலேறிய திராட்சை மதுவுக்கு ஊரின் பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு மதுவின் பேர் அதன் நிறத்துக்கு வந்தது. கிரேக்கம், ஹங்கேரியன், பல்கேரியன், போலிஷ், ரஷ்யன் என்று எங்கே போனாலும் உச்சரிப்பு கொஞ்சம் மாறுமே தவிர, அந்தச் சிவப்புக்கு அதே பேர்தான்!

ஐரோப்பா முழுக்க இப்படிச் சுற்றிய ஊர்ப்பேர் செகந்திராபாத்துக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன்னால், போர்டோ நம் தோட்டத்துக்குள் நுழைந்த கதை.

போர்டோவுக்குத் தமிழில் மயில்துத்த வாசனை!

பாக்கு, மிளகு, காபி பயிரிடுகிறவர்களிடம் ‘போர்டோ’ என்றால் மது நினைவுக்கு வராது, மருந்துதான் வரும். போர்டோ பக்கத்துத் தோட்டங்களில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துவிடாமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் பூஞ்சைநோய் தொடவில்லை! இதைக் கவனித்தவர் மிலார்தே என்ற தாவரவியல் பேராசிரியர். 1885-ல் அவர் அறிவித்த அந்தக் கலவைதான் நம் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. பதம் பார்க்க, பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை!

அகராதிக்குள் ஒரு ஹைதராபாத் கோட்டை!

இனி நம்ம ஊர். ஆங்கில அகராதியில் ‘கோல்கொண்டா’ என்று தேடுங்கள். கோட்டை என்றா போட்டிருக்கிறது? இல்லை! ‘வளம் மிக்க சுரங்கம், அள்ள அள்ளக் குறையாத செல்வம்’ என்று பொதுச்சொல்லாகவே போட்டிருக்கும். அமெரிக்காவில் இல்லினாய், நெவாடா மாநிலங்களில் கோல்கொண்டா என்ற ஊர்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் ஒன்று!

ஆனால் கோல்கொண்டாவில் சுரங்கமே இல்லை!

உலகத்தையே மயக்கிய கோல்கொண்டா வைரங்களில் ஒன்றுகூட கோல்கொண்டாவில் வெட்டி எடுத்தது கிடையாது. அவை கிடைத்தது கிருஷ்ணா நதிக்கரையில், கொல்லூர் போன்ற ஊர்களில். அங்கே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 60,000 பேர் வேலை செய்ததாக எழுதிவைத்தார் தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி. கோல்கொண்டா என்பது குதுப்ஷாஹி சுல்தான்களின் கோட்டை, வைரச் சந்தை. தோண்டிய ஊரை உலகம் மறந்தது, விற்ற ஊரின் பேரைப் பிடித்துக்கொண்டது! போர்டோவிலும் இதே கதைதானே? திராட்சை விளைந்தது சுற்றுப்புறக் கிராமங்களில், பேர் போனது துறைமுகத்துக்கு. ‘மோக்கா’ காபி மலையில் விளைந்தது, பேர் ஏமன் துறைமுகத்துடையது. ‘மெட்ராஸ்’ கட்டம்போட்ட துணியை நெய்தவர்கள் ஊர் ஊராக இருந்த தறிக்காரர்கள், பேரைத் தட்டிக்கொண்டு போனது சென்னை!

சென்னை கவர்னரின் வைரம் லூவரில்!

1672-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சென்னைக்காக ஆங்கிலேயக் கம்பெனி ஆண்டுக்கு 1,200 வராகன் கட்டியது யாருக்குத் தெரியுமா? கோல்கொண்டா சுல்தானுக்கு! பிற்பாடு அதே சென்னையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டை தீட்டியதும் எஞ்சியது சுமார் 140 காரட். 1717-ல் அது பிரான்ஸின் அரசப் பிரதிநிதியிடம் போனது. பிறகு நெப்போலியனின் வாள்பிடியில் ஏறியது. இன்று ‘ரீஜண்ட்’ என்ற பேரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

பால்காரப் பெண் கோல்கொண்டா ராணி ஆனாள்!

1761-ல் பூஃப்லேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கதை எழுதினார். பால் சுமந்துபோகும் கிராமத்துப் பெண் அலின், கடைசியில் கோல்கொண்டாவுக்கே ராணி! கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. பிரெஞ்சில் ஓபரா ஆனது. இத்தாலியில் தோனிஸெட்டி 1828-ல் ஓர் ஓபரா போட்டார். ஸ்வீடனில் பெர்வால்ட் 1864-ல் இன்னொன்று எழுதினார். 1953-ல் பெல்ஜிய ஓவியர் மக்ரீத், தொப்பியும் கோட்டும் போட்ட ஆண்கள் வானத்திலிருந்து மழை மாதிரி இறங்குவதாக வரைந்தார். கோட்டையும் இல்லை, வைரமும் இல்லை. ஆனாலும் ஓவியத்தின் பேர் ‘கோல்கொண்ட்’!

புதுச்சேரியிலும் ஒரு கோல்கொண்டா!

அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிக் கட்டடத்துக்குப் பேர் ‘கோல்கொண்ட்’. பிரெஞ்சு உச்சரிப்பிலேயே! ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் டோக்கியோவிலிருந்து வந்த அன்டோனின் ரேமண்ட். கட்டப் பணம் கிடைத்தது ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம். அதற்கு நன்றியாகத்தான் ஆசிரமத்தை நடத்திய ஸ்ரீ அன்னை அந்தப் பேரை வைத்தார்!

நிஜாம் வைரம் நம்ம வைரமே இல்லை!

ஏழாவது நிஜாம் காகிதம் பறக்காமலிருக்க மேஜையில் வைத்திருந்த ஜேக்கப் வைரம் 184.75 காரட். தகப்பனாரின் செருப்பு முனையில் அவருக்கு அது அகப்பட்டதாகச் சொல்வார்கள். இந்திய அரசு 1995-ல் நிஜாம் நகைகளை 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது அதுவும் சேர்ந்தே வந்தது. கோல்கொண்டாவை ஆண்டவர் வீட்டு வைரம், வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து!

கோல்கொண்டா ரயில் எங்கே போகிறது?

செகந்திராபாத்துக்கும் குண்டூருக்கும் இடையே ஓடுகிறது கோல்கொண்டா எக்ஸ்பிரஸ். கொல்லூர் சுரங்கம் இருந்தது பழைய குண்டூர் மாவட்டத்தில்தான். சுரங்கம் இருந்த இடத்தை இப்போது புலிச்சிந்தலா அணையின் நீர் மூடுகிறது. வைரம் விற்ற சீமையிலிருந்து வைரம் எடுத்த சீமைக்கே போகிற ரயில்! அதற்கும் கொல்லூர் என்று பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, பார்த்தீர்களா?