கிராம்பும் பட்டையும் பூஞ்சையைத் தடுக்குமா?

அரிசி டின்னில் நான்கைந்து கிராம்பு போட்டு வைப்பது, பருப்போடு காய்ந்த மிளகாயைச் சேர்ப்பது, ஊறுகாயில் கடுகுப் பொடியைத் தாராளமாகக் கலப்பது ஆகியவை நம் வீடுகளில் நெடுங்காலப் பழக்கங்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால் என்ற பொருள். பட்டையில் இருப்பது சின்னமால்டிஹைட், ஓமத்தில் இருப்பது தைமால். பூச்சியும் பூஞ்சையும் தாக்காமல் செடிகளைக் காக்க உதவும் பொருள்கள் இவை. பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை இவை சிதைப்பதால், அது வளர முடியாமல் போகிறது. கடுகு சற்று வேறுபட்டது. அதை வறுக்காமல் பொடித்து ஈரம் பட்டால்தான் அந்தக் காரமான பொருள் உண்டாகும்.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பொருள்களை எண்ணெயாகப் பிரித்தெடுத்து, செறிவாகப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் டின்னில் கிடக்கும் முழுக் கிராம்பிலிருந்து வெளிவருவது மிகக் கொஞ்சம். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது போதாது. வண்டை ஓரளவு விரட்டலாம், ஈரமான அரிசியில் வரும் பூஞ்சையை நிறுத்தாது.

இதைவிட முக்கியமான ஒன்று: பூஞ்சை வளர்ந்த பிறகு எந்த மசாலாவும் உதவாது. நிலக்கடலை, சோளம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் அதிகம். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுமையாக அழியாது. பேராக்கில் 1988-இல் லோ சீ ஃபன் எனும் அரிசி மீயைச் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். அது குறித்த மருத்துவ ஆய்வுகளில் அஃப்ளாடாக்சின் பெயர்தான் அடிபட்டது.

எனவே கசக்கும், சுருங்கிய அல்லது நிறம் மாறிய கடலையை "ஒன்றிரண்டுதானே" என்று மென்று விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்த காய்ந்த மிளகாயைத் துடைத்து வெயிலில் போடுவதும் பயன் தராது. ரொட்டி, சோறு, தேங்காய்த் துருவல் போன்ற மென்மையான உணவில் ஓரிடத்தில் பூஞ்சை தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும். முழுவதையும் வீசுங்கள். முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில் மட்டும் பூஞ்சையைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சமைக்கலாம். வீசுவதற்கு மனம் வராது என்பது புரிகிறது. அதனால் கடலையையும் மிளகாயையும் சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

ஊறுகாய் விஷயத்தில் இன்னொரு கவனம் தேவை. இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் உப்பு குறைத்து ஊறுகாய் போட்டிருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஊறுகாயை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்ததில் பெரும்பங்கு உப்புக்கும் புளிப்புக்கும் உண்டு. கடுகும் வெந்தயமும் துணைக்கு நின்றவைதான். உப்பு குறைந்த இடத்தைக் கடுகு நிரப்பாது. அத்தகைய ஊறுகாயைக் கொஞ்சமாகப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

சமையலில் சேர்க்கும் கிராம்பும் பட்டையும் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. கடையில் சிறு புட்டியில் விற்கும் கிராம்பு எண்ணெய் அப்படியல்ல. அதை உணவில் ஊற்றவோ குடிக்கவோ கூடாது, அது கல்லீரலுக்கே கேடு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள், எந்த மூலிகை எண்ணெயையும் மாத்திரையையும் தொடங்கும் முன் கிளினிக்கில் மருந்தாளரிடம் கேளுங்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.