எல்லைக்காரர் பார்க்கும் சினிமா

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட் வந்தது. கேரள எல்லையோரம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. பாட்டிக்குத் தமிழ் சீரியல், மலையாளம் மீடியத்தில் படிக்கும் பேத்திக்கு மலையாளக் காமெடி. ரிமோட்டுக்குச் சண்டை நடந்தாலும் கடைசியில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

இப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு படத்தையோ சீரியலையோ பற்றிக் கேட்டுப்பாருங்கள். ஒரே கதையை இரண்டு மொழியிலும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். விஜய் டிவியில் 2018ல் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்', இரண்டு ஆண்டு கழித்து ஏஷியாநெட்டில் 'சாந்த்வனம்' ஆனது. அதே அண்ணன் தம்பிகள், அதே அண்ணி. தமிழில் அண்ணி தனமாக வந்த சுஜிதா மலையாளி. மலையாளத்தில் அந்த இடத்தில் சிப்பி. கதிர்-முல்லை ஜோடி உசத்தியா, சிவன்-அஞ்சலி ஜோடி உசத்தியா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். சித்ரா நடித்த காலத்து முல்லைக்குத்தான் என் ஓட்டு. கோபத்தையும் பிரியத்தையும் ஒரே பார்வையில் காட்டத் தெரிந்தவர் அவர்.

'எதிர்நீச்சல்' சீரியல் மாரிமுத்துவின் கதை வேறு. வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்தவர். அதில் அவர் நடித்த ஆதி குணசேகரன் வாயைத் திறந்தால் எங்கள் மலைக்குக் கீழே இருக்கும் தேனிக்காரரின் குரல் அப்படியே வீட்டுக்குள் வரும். அந்த ஆளைத் திட்டித் தீர்த்த அதே அக்காமார்கள், 2023 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது சொந்தத்தில் ஒருவரை இழந்ததைப்போலக் கலங்கினார்கள்.

எங்களுக்கு முதல் அளவுகோல் பேச்சுதான். கேமரா, எடிட்டிங் எல்லாம் அப்புறம். அந்த ஊர்க்காரர் அப்படிப் பேசுவாரா, அந்தத் தொழில் செய்பவர் அப்படி உட்காருவாரா என்பதில் தப்பினால், எவ்வளவு பெரிய நடிகர் என்றாலும் படம் எங்களிடம் தேறாது.

'திருஷ்யம்' 2013 டிசம்பரில் வந்தது. கேபிள் டிவி நடத்தும், சினிமா பார்த்தே உலகத்தைக் கற்றுக்கொண்ட ஜார்ஜ்குட்டி, இடுக்கி மலையில் ராஜாக்காட்டுக்காரர். சாதாரணப் பார்வையாளரையே கதாநாயகனாக்கிய படம் அது. எங்கள் மலைக்குப் பெருமைதான். ஆனால் படம் பிடித்தது கீழே தொடுபுழைப் பக்கம். ராஜாக்காட்டில் காலையில் போடிமெட்டு ஏறிவரும் ஜீப்புகளும், அதில் வரும் ஏலத்தோட்டத்துப் பெண்களின் தமிழும் இல்லாமல் பொழுது விடியாது. அந்தத் தமிழுக்குப் படத்தில் பெரிய இடம் இல்லை. தமிழில் 'பாபநாசம்' ஆனபோது கதை திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டது. ஆக, இரண்டு மொழியில் எடுத்தும் நடுவில் இருக்கும் நாங்கள் விடுபட்டுப்போனோம்.

இது ஒரு படத்தின் குறை அல்ல. மலையாளப் படத்தில் தமிழர் என்றால் பெரும்பாலும் அடியாள், வட்டிக்காரர், லாரி டிரைவர். தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை நாயர், இல்லையென்றால் முண்டு கட்டிய அழகி. தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தில் ஓட்டுப் போட்டு, ரேஷன் வாங்கி, வீட்டில் தமிழ் பேசும் மனிதர்கள் இரண்டு திரையிலும் அபூர்வம்.

அபூர்வமாக வந்த ஒன்று, 2018ல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. கொஞ்சம் நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரங்கசாமி. அவரை நான் பார்த்திருக்கிறேன். கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பாதையில் எதிர்ப்படுபவரிடம் நின்று நலம் விசாரிக்கும் விதம், மூட்டையை இறக்கிவைக்கும்போது இடுப்பு வளையும் விதம், தோட்டத்துத் தோழர் சாக்கோ தமிழும் மலையாளமும் கலந்து பேசும் விதம் எதிலும் நடிப்பு தெரியவில்லை. இயந்திரம் வருகிறது, ரோடு வருகிறது, கடன் வருகிறது, நிலம் போகிறது. தன் கையைவிட்டுப் போன நிலத்திலேயே ரங்கசாமி காற்றாலைக்குக் காவல்காரராக நிற்கிறார். முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று சொன்னவர்கள் உண்டு. மூட்டையோடு மலை ஏறுகிறவரின் வேகத்தில்தானே அந்தப் படம் போக முடியும்? அதை நான் குறையாக எண்ணவே மாட்டேன். இசை இளையராஜா. மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்து, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு இந்த மலையில் பாட வந்த சிறுவன், அறுபது ஆண்டு கழித்து அதே மலைக்கு இசையமைத்திருக்கிறார்.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்துக்கும் அவர்தான். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஒருவர், ஜேம்ஸாக வரும் மம்மூட்டி. தமிழ்ச் சாப்பாடும் பிடிக்காது, பாட்டும் பிடிக்காது. மதியத் தூக்கம் கலைந்து எழுந்தவர், ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோய் அந்த ஊர் சுந்தரமாகவே மாறிவிடுகிறார். பழநிப் பக்கம் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தது. புதிதாகப் பின்னணி இசை கிடையாது. டிவியிலும் ரேடியோவிலும் இருந்து வழியும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும்தான். சுந்தரத்தின் கண் தெரியாத அம்மா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். இன்னொருவரின் மொழியையும் வீட்டையும் ஒரு மனிதன் தனதாக்கிக்கொள்வது பலருக்கு மாயக்கதையாகத் தெரிந்திருக்கும். சித்தூர்க்காரருக்கு அது அன்றாடம். பஸ்ஸில் மலையாளம், வீட்டில் தமிழ். கோபத்தில் எது முந்துகிறதோ அது.

பாட்டில் எல்லை இன்னும் சீக்கிரம் அழிகிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது பாலக்காட்டு எலப்புள்ளியில். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதைத் தமிழ்க் காது பாதிக்குமேல் புரிந்துகொள்ளும். 2022ல் அவருக்குத் தேசிய விருது அறிவித்தபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று முணுமுணுத்தவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆடு மேய்த்த காட்டிலிருந்து வரும் குரலை எந்தப் பள்ளி கற்றுத்தரும்?

2021ல் பாடகர்கள் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்ஜாமி' மூணாறு தோட்ட லயங்களில் செல்போன் செல்போனாகப் பரவியதில் ஆச்சரியமில்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். எங்கள் பாட்டிமார்களும் கொழுந்து கிள்ளியவர்கள்தான். மலையாளத்தில் பாடும் ராப் பாடகர் வேடனின் அம்மா இலங்கைத் தமிழர். அவர் பாட்டுகளின் ஆத்திரம் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லாமலே புரிகிறது.

எனக்கு ஒரு படம் பாக்கி இருக்கிறது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறில் ரோட்டில் உட்கார்ந்தார்கள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பேரில் கூடி, போனஸைப் பழையபடி வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். அதை முழுநீளப் படமாகத் தியேட்டரில் பார்க்க வேண்டும். அவர்கள் அதிகாரியிடம் மலையாளத்திலும் தங்களுக்குள் தமிழிலும்தான் பேச வேண்டும். எந்த மொழியில் வெளியிட்டாலும் சரி, அந்தப் பேச்சை மட்டும் டப்பிங் செய்யாமல் விடுங்கள்.