குழந்தைகள் பெயின்ட் அடிச்சு காப்பாத்துன தெரு: பிரேசிலின் 'பூக்கள் தெரு' உருவானது எப்படி?

கடைத்தெருவுக்குக் குழந்தையோடு போனால் பாதிக் கவனம் அதன் கையைப் பிடிப்பதிலேயே போயிடும். பைக் எந்தப் பக்கத்திலிருந்து வரும்னு சொல்ல முடியாது. அந்தப் பிடியைத் தளர்த்திட்டு நடக்கிற மாதிரி ஒரு தெரு, அதுவும் பெருநகரத்தின் நட்டநடுவில் இருந்தா?

தெற்கு பிரேசிலில் இருக்கும் குரிச்சிபா நகரில் அப்படி ஒரு தெரு 50 வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அதிகாரபூர்வ பெயர் 'நவம்பர் 15 தெரு'. 1889-ல் பிரேசில் குடியரசான நாள் அது. ஆனால் மக்கள் கூப்பிடுவது பழைய பெயரில்தான்: ருவா தாஸ் ஃப்ளோரெஸ், அதாவது பூக்கள் தெரு.

1972-க்கு முன்பு இதுவும் கார்கள் நெரியும் சாதாரண கடைத்தெரு. அப்போதைய மேயர் ஜைமே லெர்னர், படிப்பால் கட்டடக் கலைஞர். தெருவின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கு மட்டும்னு மாத்த அவர் திட்டமிட்டார். கடைக்காரர்கள் கொதிச்சுட்டாங்க. "கார் நிற்க இடமில்லைன்னா கஸ்டமர் எப்படி வருவாங்க?" என்பதுதான் அவர்கள் பயம். கோர்ட்டுக்குப் போனால் வேலை நின்றுவிடும் என்று லெர்னர் கணக்குப் போட்டார்.

அதனால் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தார்கள். வார இறுதியில் கோர்ட் கிடையாதே! சுமார் 72 மணி நேரத்தில் தார் போய், கல் பதித்த தரை, விளக்குகள், பூச்செடிகள் எல்லாம் வந்துடுச்சு.

சண்டை அதோடு முடியலை. அடுத்த சனிக்கிழமை காரை உள்ளே ஓட்டித் தெருவை மீட்போம்னு கார் உரிமையாளர்கள் கிளம்பினாங்க. மேயர் போலீஸை அனுப்பலை. தெரு நீளத்துக்குக் காகிதத்தை விரிச்சு, குழந்தைகளைக் கூப்பிட்டு பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொடுத்தார். உட்கார்ந்து படம் வரையும் குழந்தைகள் மேல யார் காரை ஏத்துவாங்க? அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை ஓவியம் இந்தத் தெருவின் வழக்கமாகவே ஆகிப்போச்சு.

எதிர்த்துக் கையெழுத்து போட்ட வியாபாரிகளே பிறகு 'எங்க பகுதிக்கும் நீட்டுங்க' என்று மனு கொடுத்ததாக லெர்னர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கேட்க சூப்பரா இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை விட்டுடக் கூடாது. அது பிரேசிலில் ராணுவ ஆட்சிக் காலம். லெர்னர் தேர்தலில் ஜெயிச்சு வந்தவர் இல்லை, நியமிக்கப்பட்ட மேயர். யாரிடமும் கேட்காமல் மூன்றே நாளில் தெருவை மாத்துற துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, தெருவை மட்டும் மூடிட்டு கார்களை அம்போன்னு விடலை. 1966-லேயே நகரத்துக்கு மாஸ்டர் பிளான் இருந்தது. 1974-ல் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை ஓட ஆரம்பித்தது. பஸ் ஒழுங்காக வந்தால்தான் காரை வீட்டில் விட மனசு வரும். குழந்தைகள் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த பஸ் கதையைச் சொல்வதில்லை!

போனால் என்ன பார்க்கலாம்?

முதலில் டிராம். தண்டவாளமே இல்லாத தெருவில் ஒரு பழைய டிராம் பெட்டி 1973 முதல் நிற்கிறது. பெற்றோர் ஷாப்பிங் போகும்போது குழந்தைகள் விளையாட, வரைய என்று வைத்தது. பிறகு அதுவே குட்டி நூலகமாகிவிட்டது.

கறுப்பு-வெள்ளைக் கல் தரையில் அந்தப் பகுதியின் அரவுக்காரியா மரத்து விதைகளின் வடிவங்கள் இருக்கும். குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மழையில் அந்தக் கல் நல்லா வழுக்கும், ஸ்ட்ரோலர் தள்ளவும் கஷ்டம்.

கொஞ்சம் தள்ளி 'போகா மல்டிட்டா', அதாவது சபிக்கப்பட்ட வாய். காபி குடிச்சுக்கிட்டே ஊர் அரசியலைக் கிழிக்கும் பெரியவர்களால் வந்த பெயர், நம்ம டீக்கடை பெஞ்ச் மாதிரி. நேரடி அதிபர் தேர்தல் கேட்டு 1984 ஜனவரியில் பெரும் கூட்டம் திரண்டதும் இங்கேதான்.

கிறிஸ்துமஸ் சீசனில் 'பலாசியோ அவெனிடா' கட்டடத்தின் ஜன்னல்களில் நின்று குழந்தைகள் பாடும் நிகழ்ச்சி ரொம்பப் பிரபலம்.

குரிச்சிபா கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூன், ஜூலையில் போனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் திறக்காது. அன்று காலையில் நடக்கிற தூரத்திலுள்ள 'லார்கோ டா ஓர்டெம்' பகுதியில் கைவினைச் சந்தை கூடும், அங்கே போயிடலாம்.