காரின் பின்னால் ஒரு குட்டி வீடு!

காதலிக்காகப் பாட்டு எழுதியவர்கள் உண்டு. மாளிகை கட்டியவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஒருவர் காதலிக்காக வண்டி கட்டினார்!

அவர் பெயர் ஆரிஸ்ட் டெத்லெப்ஸ். தெற்கு ஜெர்மனியில் ஈஸ்னி என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். சாட்டைகளும், பனிச்சறுக்கு ஆட்டத்துக்கான கோல்களும் செய்து விற்பது அவர்கள் தொழில். சரக்கு விற்க அவர் காரில் ஊர் ஊராகப் போவார். போனால் திரும்பிவரப் பல நாள் ஆகும்.

அவர் மணக்க இருந்த பெண் பிரிடல் எடல்மான். அவர் ஓர் ஓவியர். தாமும் கூடவே போக வேண்டும், போகிற இடத்தில் தங்கவும் படம் வரையவும் நாடோடிகளின் கூண்டு வண்டி போல ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

டெத்லெப்ஸ் யோசித்தார். 1931-ல் வண்டி தயார் ஆகிவிட்டது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடு அது. பார்த்தவர்கள் எல்லாம், "எங்களுக்கும் ஒன்று" என்று கேட்கத் தொடங்கினார்கள். சாட்டை வியாபாரம் போய், வண்டி வியாபாரம் வந்தது. இன்றும் ஈஸ்னியில் அவர் பெயரால் அந்த நிறுவனம் நடக்கிறது.

கண்ணீர்த்துளி

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இந்த ஆசை பிறந்தது. 1930-களில் அங்கே கடுமையான பணமுடை. பலருக்கு வேலை இல்லை. ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி ஊர் பார்க்க எத்தனை பேரால் முடியும்?

கைத்தொழில் பத்திரிகைகள் வழி காட்டின. ரம்பமும் சுத்தியலும் இருந்தால் போதும், வீட்டுக் கொட்டகையிலேயே வண்டி செய்யலாம் என்று படம் போட்டு விளக்கின. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவு. பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் போல இருக்கும். அதனால் 'கண்ணீர்த்துளி வண்டி' என்றே பெயர் வந்தது. பெயரில்தான் கண்ணீர். ஏறிப் போனவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

1945-ல் உலகப்போர் முடிந்தது. ராணுவத்தில் மிஞ்சிய அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் மலிவாகக் கிடைத்தன. விமானத்துக்கு வாங்கிய தகடு, குடும்பம் உல்லாசப் பயணம் போகும் வண்டிக்குக் கூரை ஆயிற்று. பிறகு கார்கள் பெரிதாயின. வண்டிகளும் பெரிதாயின. 1960-களில் கண்ணீர்த்துளியைத் தேடுவார் இல்லை. 1990-களில் மீண்டும் அதற்கு மவுசு வந்தது. காரணம், சிறிய காரும் அதை இழுத்துவிடும்!

பலகைதான் அளவு

இந்த வண்டியின் நீளம் 8 அடி. அகலம் 4 அடி. உயரமும் 4 அடி. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மரக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. தரைக்கு ஒரு பலகை. இரு பக்கச் சுவருக்கு இரண்டு பலகை. வளைவை வரைந்து அறுத்தால் சுவர் தயார். வீணாவது கொஞ்சம்தான்.

உள்ளே நிற்க முடியாது. நிற்பதற்குத்தான் வெளியே ஆகாயம் இருக்கிறதே! உள்ளே மெத்தை மட்டும். இரண்டு பேர் படுக்கலாம். சமையலறை எங்கே? வண்டியின் பின்புறம். பெட்டி மூடியைத் தூக்குவது போலப் பின்கதவைத் தூக்கினால், அடுப்பு வைக்க மேடை, பாத்திரம் அடுக்கத் தட்டு. தூக்கிய கதவே சமைப்பவருக்கு மழை மறைப்பு. இதைக் கண்டுபிடித்தவருக்கு வீட்டுக்காரி நிச்சயம் உதவி இருப்பாள் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு

சிறிய கார் இழுக்க வேண்டும். ஆகவே எடைதான் இதில் எல்லாம்.

18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகை ஏறத்தாழ 32 கிலோ இருக்கும். 12 மில்லிமீட்டர் பலகை என்றால் ஏறத்தாழ 21 கிலோ. இரண்டு சுவருக்கும் கனம் குறைந்த பலகையைப் போட்டால் 20 கிலோ மிச்சம். கூரைக்கு 3 மில்லிமீட்டர் பலகை போதும். மெல்லிய மரச் சட்டங்களின் மேல் அதை வளைத்துப் பசை போட்டுத் திருகாணி முடுக்குவார்கள். வெறும் ஆணி அடித்தால் குலுங்கிக் குலுங்கிக் கழன்றுவிடும். அலுமினியம் வாங்கக் காசு இல்லாதவர்கள் கித்தான் துணியை இழுத்து ஒட்டி, பெயிண்ட் அடித்து மழையைத் தடுத்தார்கள்.

ஐரோப்பாவில் ஒரு சட்டம் உண்டு. பின்வண்டிக்குத் தனி பிரேக் இல்லை என்றால், அதன் எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது. இழுக்கும் காரின் எடையில் பாதியையும் தாண்டக்கூடாது. கார் 800 கிலோ என்றால் வண்டி 400 கிலோதான். மெத்தை, சட்டி பானை எல்லாம் அதற்குள் அடக்கம்!

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது அங்கே டிராபண்ட் என்ற குட்டிக் கார் ஓடியது. 26 குதிரைசக்தி. எடை 600 கிலோ சுமார். அதன் பின்னாலும் முட்டை வடிவ வண்டி மாட்டிக்கொண்டு குடும்பங்கள் உல்லாசப் பயணம் போயின. செய்த ஊரின் பெயரால் அதற்கு 'டூபன் முட்டை' என்று பெயர்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பாரம் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே கிளம்பும். கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் மிகவும் கூடினால் மாடு நடக்காது. கார் வண்டிக்கும் அதே கணக்குதான். இங்கே மாட்டுக்குப் பதில் கார். அவ்வளவே!

வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமர வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 300 கிலோ வண்டி என்றால் குறைந்தது 30 கிலோ. கொக்கியிலிருந்து வண்டியின் அச்சு 8 அடி தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு ஏறத்தாழ 10 அங்குலம் முன்னால் விழுந்தால் சுமார் 30 கிலோ வரும்.

இனிமேல்தான் ஆபத்து. சமையலறை பின்னால் இருக்கிறது அல்லவா? தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, அடுப்பு என்று 60 கிலோவை அச்சுக்கு 2 அடி பின்னால் ஏற்றினால் கொக்கியில் 15 கிலோ குறைந்துவிடும். 30 கிலோ பாதி ஆகிவிடும்!

மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் கூடியதும் வண்டி பாம்பு போல வாலை ஆட்டும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அப்போது பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்லது, புறப்படும் முன்பே எடை பார்ப்பது. ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் கட்டை வைத்து, வண்டியின் முன் நுனியை அதில் இறக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் கேனை முன்பக்கம் வைத்தால் பாதி வழக்கு தீர்ந்தது.

எதை நாமே செய்யக் கூடாது?

மரவேலை எல்லாம் வீட்டில் செய்யலாம். கொக்கி, அச்சு, சக்கரம் இவற்றைக் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். அடிச்சட்டத்தை வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இதில் மட்டும் 'நானே செய்தேன்' என்ற பெருமை வேண்டாம். கொக்கி கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாமல் இருக்க, காருக்கும் வண்டிக்கும் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவார்கள். பின்விளக்கு, பதிவு எண் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. முதலில் அதைக் கேட்டறிந்து, பிறகு ரம்பத்தை எடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. குளிர் என்று அடுப்பை உள்ளே கொண்டுபோகவே கூடாது. அந்தச் சிறிய கூண்டில் நச்சுப்புகை சேர்ந்தால் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அதற்கு வாசனை கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. அடுப்பு இல்லாவிட்டாலும், இருவர் விடும் மூச்சே கூரையில் நீராகச் சொட்டும். கூரையில் ஒரு காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும்.

முதல் பயணத்தில் 50 மைல் போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், முதல் இரவு வீட்டு வாசலிலேயே படுத்துப் பார்க்கலாம். தோட்டக் குழாயை எடுத்து வண்டியின் மேல் அரைமணி நேரம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். மெத்தை நனைந்தால் எழுந்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்!