கனகராயன் ஆற்றங்கரைக்கு விருந்தினர் வருவர்: எமக்கு என்ன மிஞ்சும்?

வைகாசி, ஆனி மாதங்களில் ஏ9 வீதியால் போகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். ஓமந்தை தாண்டி, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வடக்கே வரும்போது வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள். காட்டில் பொறுக்கி வந்த பழம். யாழ்ப்பாணம் போகும் வான் ஒன்று நிற்கும். பழம் கை மாறும், காசு கை மாறும், வான் போய்விடும்.

இதை உல்லாசப் பயணத்துறை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், வன்னிக்கு வருகிற விருந்தினரின் பணம் ஒரு கமக்காரக் குடும்பத்தின் கைக்கு நேரே வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

வன்னியின் குளங்களையும் காடுகளையும் களப்புகளையும் வெளியூராருக்குக் காட்டி வருமானம் தேடலாம் என்ற பேச்சு இன்று பல இடங்களில் கேட்கின்றது. அது தீய யோசனை அல்ல. ஆனால், இடம்பெயர்ந்து உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் காலம் கழிக்கும் குடும்பங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. ஆற்றங்கரையைப் பார்க்க ஊரெல்லாம் வந்தால், அந்தக் கரையில் கமம் செய்தவருக்கு என்ன மிஞ்சும்?

ஆறு போகும் வழி

கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் சேமமடுப் பக்கமாகத் தொடங்கி வடக்கு நோக்கிச் சென்று, இரணைமடுவில் தேங்கி, அதன்பின் சுண்டிக்குளம் களப்பில் சேர்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல இது. மாரியில் பெருகும், கோடையில் மணலாகக் கிடக்கும். அதனால்தான் எமது முன்னோர் வன்னியெங்கும் குளம் கட்டினார்கள்.

இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்தது. அதன்பின் பல தடவைகள் கட்டு உயர்த்தப்பட்டது. மாலை நேரத்தில் கட்டில் ஏறி நின்று காற்று வாங்காத கிளிநொச்சிக்காரர் குறைவு. ஆற்றின் முடிவிலுள்ள சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயம் ஆனது. 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாரி காலத்தில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் அங்கே வருகின்றன. பூநாரைக் கூட்டங்களைப் பார்க்கவென்றே சிலர் பயணம் செய்கிறார்கள். புளியங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குப் போகலாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போவோர் பலருக்கு இது பழகிய பாதை.

இந்தச் சந்தி பட்ட பாட்டை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1997 மே மாதத்தில் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. 2002 இல் பாதை திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. 2009 இல் எல்லாமே பெயர்ந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வெளியூரார் வர இன்று வீதியும் உண்டு, ரயிலும் உண்டு. ஊரவர்களில்தான் இன்னும் சிலர் திரும்பி வரவில்லை.

முறிகண்டி சொல்லும் பாடம்

விருந்தினரால் ஊர் பிழைப்பது எமக்குப் புதிய விடயமா? முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியை நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதியால் போகும் வாகனம் அங்கே நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள், பிறகு கச்சான் வாங்குவார்கள். வன்னி மண்ணில் விளைந்த கச்சானை வறுத்து விற்று எத்தனையோ பெண்கள் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்.

அங்கே மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. வாகனம் நிற்கிறது. நிற்கும் இடத்தில் எமது ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் எமது மண்ணில் விளைந்த பொருள் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விருந்தினரின் பணம் ஊரில் தங்காது. குளிரூட்டிய பேருந்து நேரே ஒரு விடுதிக்குள் போய், கொழும்பிலிருந்து வந்த மரக்கறியை உண்டு, மறுநாள் திரும்பினால், ஊருக்கு மிஞ்சுவது புழுதியும் பிளாஸ்ரிக் போத்தலும்தான்.

யுத்தம் முடிந்தபின் இதை நாம் கண்ணால் கண்டோம். தெற்கிலிருந்து பேருந்துகள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் யுத்த நினைவுச் சின்னங்களைப் பார்த்துப் போனார்கள். 2012 இல் நந்திக்கடல் ஓரத்தில் படையினரின் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அதே களப்பை அண்டிய கேப்பாப்பிலவுப் பகுதி மக்களோ சொந்தக் காணிக்காகக் காத்திருந்தார்கள். பிலவுக்குடியிருப்புக் குடும்பங்கள் 2017 ஜனவரி 31 இலிருந்து ஒரு மாதம் வீதியோரத்தில் இரவு பகலாக இருந்து, மார்ச் 1 ஆம் திகதியே தங்கள் காணிக்குள் கால் வைத்தன. களப்பின் அழகு ஒருவருக்கு விடுமுறை, மற்றவருக்கு வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் காட்சி என்று ஆகிவிடக் கூடாது.

வேறு இடங்களில் நடந்தது

தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள ஏரியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடுகட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வூர்க் கமக்காரர் முன்னமே அறிந்திருந்தனர். 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். தீபாவளிக்கும் அவ்வூரார் வெடி கொளுத்துவதில்லை. பார்வையாளர் வந்தது அதற்கு மிகவும் பிந்தியே. முதலில் வயலுக்காகக் குளத்தைக் காத்தார்கள். அந்த உரிமைக்குக் கையில் கடதாசியும் வைத்திருந்தார்கள்.

கேரளத்தின் குமரகம் வேம்பநாட்டுக் காயல் ஓரத்து ஊர். பெரிய விடுதிகள் நிறைந்த இடம். 2008 இல் அங்கே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஊராட்சியும் குடும்பசிறீ பெண்கள் குழுக்களும் விடுதிகளுடன் பேசி, மரக்கறி முதலியவற்றை உள்ளூரிலேயே வாங்கச் செய்தன. தரிசாகக் கிடந்த நிலங்கள் சிலவற்றில் மீண்டும் பயிர் வந்தது. தனியே ஒரு கமக்காரர் கத்தரிக்காய்க் கூடையுடன் விடுதி வாசலில் நின்றால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். குழுவாக நின்றால் பேச இடமுண்டு.

தண்ணீர் முதலில் வயலுக்கு

மின்னேரியாக் குளத்தில் கோடையில் நீர் வற்ற, புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி யானைகள் கூட்டமாக வரும். யானைகளைத் தேடிப் பயணிகள் வருவார்கள். அண்மைய ஆண்டுகளில் கோடையிலும் குளத்து நீர் உயர்ந்து நின்றதால் புல் மூழ்கியது, யானைகள் குறைந்தன என்ற முறைப்பாடு எழுந்தது. துருசுத் திறப்பு யார் கையில் என்ற கேள்வி அங்கே வந்துவிட்டது.

எமது குளங்களில் அந்தக் கேள்வி எழுமுன் பதில் இருக்க வேண்டும். படகு ஓடுவதற்காகவோ அழகுக்காகவோ தண்ணீரை மறிப்பதும் விடுவதும் சரியல்ல. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பின் சொல்லே முன்னிற்க வேண்டும்.

பாதுகாப்பும் அப்படியே. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியாது. மாரியில் வான் பாயும் இடத்தில் பழக்கமில்லாதவரைக் குளிக்க விடக் கூடாது. காட்டுப் பாதையில் மண்டையோடு வரைந்த பலகை கண்டால் அப்பால் போகக் கூடாது. துப்புரவு செய்யப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத இடத்துக்கு விருந்தினரைக் கூட்டிச் செல்வது பாவம்.

இன்றே செய்யக் கூடியவை

முதலாவது, காணிக் கடதாசி. உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, நெற்பயிர் இடாப்பில் உள்ள பெயர் எதுவாயினும் தேடி எடுத்துப் பிரதி செய்து வையுங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் பிரதியைக் காப்பாற்றுங்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கர் பற்றி வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது, உரிமை கோருவதற்குத் தரப்பட்டது மூன்று மாதங்களே. எதிர்ப்பு எழுந்து அது நிறுத்தப்பட்டது. அடுத்த தடவை எப்படியோ?

இரண்டாவது, அங்கத்துவம். இடம்பெயர்ந்திருந்தாலும் உங்கள் குளத்தின் கமக்காரர் அமைப்புடன் தொடர்பை விடாதீர்கள். குளத்தில் எதுவும் கட்டுமுன் அமைப்பின் எழுத்து மூலச் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுத்து, அதைக் கமநல சேவை நிலையத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அனுப்பலாம்.

மூன்றாவது, சிறியதாகத் தொடங்குதல். கடன் வாங்கி விடுதி கட்ட வேண்டாம். பாலைப்பழம், கச்சான், தயிர், தேன், குரக்கன் மா, குளத்து மீன் என்று எம்மிடம் இருப்பதை, வாகனம் நிற்கும் இடத்தில் நிழலும் நல்ல தண்ணீரும் சுத்தமான மலசலகூடமும் வைத்து விற்கலாம். பறவை வரும் இடமும் காலமும் அறிந்த இளைஞர்கள் வழிகாட்டலாம். அந்த அறிவுக்கும் விலை உண்டு.

விருந்தோம்புவது எமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், விருந்தோம்ப முதலில் வீடு வேண்டும். வீடு நிற்கக் காணி வேண்டும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊருக்கு வெளியூரார் எந்த மாதத்தில், எதற்காக வருகிறார்கள்? எங்கே நிற்கிறார்கள்?
2. அவர்கள் வாங்கும் பொருளில் எமது கையால் விளைந்தது எது?
3. எமது குளத்தின் கரைக்காணி இன்று யாருடைய பெயரில் உள்ளது? அறிந்தவர் யார்?
4. இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கு அமைப்பின் கூட்டத் திகதியை அறிவிப்பது யார் பொறுப்பு?